உடையாத சன்னல் மட்டும் போதாது

பள்ளி மாடியில் சிறிய வானிலை நிலையம் ஒன்றை அமைக்கும் மாணவர் குழுவை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை, ஈரப்பதம், மழை ஆகியவற்றோடு சூரியனின் புறஊதாக் கதிரையும் அளப்பது அவர்களின் திட்டம். உணர்கருவி மழையில் நனையக்கூடாது. பந்து வந்து மோதினாலும் அதன் மூடி உடையக்கூடாது. ஹார்டுவேர் கடையில் கேட்கிறார்கள். “சுத்தியலால் அடித்தாலும் உடையாது” என்று சொல்லி, பாலிகார்பனேட் தகடு ஒன்றைக் கடைக்காரர் தருகிறார். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. வெட்டிப் பொருத்திவிடுகிறார்கள்.

நண்பகல் வருகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புறஊதாக் கதிர்க் குறியீடு 11ஐ எட்டுகிறது. மாணவர்களின் கருவியோ பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. நிரலில் பிழையா, கம்பி இணைப்பில் கோளாறா என்று அவர்கள் வாரக்கணக்கில் தேடலாம். பிழை நிரலிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. பாலிகார்பனேட் புறஊதாக் கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். அளக்க வந்த பொருளையே மூடி வெளியே நிறுத்திவிட்டது.

இது கற்பனைக் குழுதான். ஆனால் இப்படித் தடுமாறக்கூடிய திட்டப்பணிகள் பள்ளிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் எத்தனையோ உண்டு. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கும் கேள்வியே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. “எது சிறந்த பொருள்?” என்று கேட்கிறோம். “இந்தச் சன்னல் எதை உள்ளே விட வேண்டும், எதைத் தடுக்க வேண்டும், உடைந்தால் எப்படி உடைய வேண்டும்?” என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

சன்னல் என்றதும் இரண்டு விஷயங்கள்தான் நமக்குத் தோன்றும். தெளிவாகத் தெரிய வேண்டும், எளிதில் உடையக்கூடாது. இரண்டையும் கண்ணாலும் கையாலும் சோதித்துவிடலாம். புறஊதாக் கதிரைக் கண்ணால் சோதிக்க முடியாது. ஒன்றுபோல் தெளிவாகத் தெரியும் மூன்று தகடுகள் புறஊதாக் கதிர் விஷயத்தில் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

இயற்பியல் பாடத்தில் மின்காந்த அலைப்பட்டை பற்றிப் படித்திருப்போம். அதில் புறஊதாக் கதிரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யுவி-ஏ. 280 முதல் 315 வரை யுவி-பி. 100 முதல் 280 வரை யுவி-சி. சூரியனின் யுவி-சி கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. யுவி-பி கதிரில் ஒரு பகுதி மட்டும் தரைக்கு வருகிறது. தோல் வெயிலில் சிவந்து எரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். யுவி-ஏ பெருமளவில் வந்து சேர்கிறது. அது தோலுக்குள் ஆழமாகச் சென்று, சுருக்கத்தையும் முதுமைத் தோற்றத்தையும் விரைவுபடுத்துகிறது.

சாதாரணச் சன்னல் கண்ணாடி யுவி-பி கதிரின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. யுவி-ஏ கதிரின் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது. மூடிய சன்னல் ஓரம் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் ‘டி’ கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வைட்டமினைத் தோலில் உருவாக்குவது யுவி-பி. கண்ணாடி தடுப்பது அதைத்தான். ஆகவே நன்மை வெளியே நின்றுவிடுகிறது, தோலை மூப்படையச் செய்யும் யுவி-ஏ உள்ளே வந்துவிடுகிறது.

இதன் விளைவை 2012ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ எனும் மருத்துவ இதழ் வெளியிட்ட ஒரு படம் காட்டியது. அதில் இருந்தவர் 28 ஆண்டுகள் சரக்கு வாகனம் ஓட்டியவர். வயது 69. அவருடைய முகத்தின் ஒரு பாதி மற்றப் பாதியைவிடப் பல ஆண்டுகள் மூத்ததுபோல் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. அது ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துச் சன்னலை நோக்கியிருந்த பாதி.

ஒரே வாகனத்தில் முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் வெவ்வேறு பொருள்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி எனும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. அந்தப் படலம், உடைந்த துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது. 380 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புறஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கிறது. பக்கக் கண்ணாடி பெரும்பாலான வாகனங்களில் டெம்பர்ட் கண்ணாடி. அதாவது, சூடாக்கி வேகமாகக் குளிரவைத்து வலுவூட்டப்பட்ட கண்ணாடி. அது உடைந்தால் கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். வலுவூட்டியதால் யுவி-ஏ கதிரைத் தடுக்கும் திறன் அதற்குக் கூடிவிடுவதில்லை. இரண்டுமே “பாதுகாப்புக் கண்ணாடி” என்றுதான் அழைக்கப்படுகின்றன. எதிலிருந்து பாதுகாப்பு என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

“கறுப்புப் படலம் ஒட்டிவிட்டால் சரியாகிவிடுமே” என்று சிலர் சொல்லலாம். கறுப்பு நிறம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. புறஊதாக் கதிரைத் தடுப்பது படலத்தில் கலந்துள்ள வேதிப்பொருள். சிங்கப்பூரில் கார்களின் முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காட்டு ஒளியை உள்ளே விட வேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் விதித்துள்ளது. அந்த விதிக்கு உட்பட்ட தெளிவான படலமே புறஊதாக் கதிரை மிகச் சிறப்பாகத் தடுக்கக்கூடும். மலிவான கரும்படலம் அதைவிட மோசமாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஒரே இயந்திரத்தில் இரண்டு சன்னல்கள்

புறஊதாக் கதிரைத் தடுப்பதே நல்ல பொருள் என்ற முடிவுக்கும் வந்துவிடக்கூடாது. இப்போது பல கல்வி நிலையங்களின் பட்டறைகளில் ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. தொட்டியில் உள்ள திரவத்தை ஒளியால் இறுகவைத்து, அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கும் கருவி அது. அவற்றுள் பல 405 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய இயந்திரத்தை அடுத்த முறை பார்க்கும்போது அதில் உள்ள இரண்டு ‘சன்னல்களை’யும் கவனியுங்கள்.

தொட்டியின் அடியில் மெல்லிய, வளையும் படலம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது எஃப்இபி எனும் பொருள். ஒட்டாத சட்டியில் பூசப்படும் டெஃப்லானுக்கு நெருங்கிய உறவு. கீழிருந்து வரும் ஒளியை அது தாராளமாக உள்ளே விடுகிறது. வளைந்து கொடுப்பதால் நொறுங்குவதும் இல்லை. இயந்திரத்தின் மேல்மூடி ஆரஞ்சு நிற அக்ரிலிக். அதே 405 நானோமீட்டர் ஒளி வெளியேறாமலும், அறை ஒளி உள்ளே புகுந்து திரவத்தைக் கெடுக்காமலும் அது தடுக்கிறது.

இரண்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இரண்டும் எளிதில் உடையாதவை. ஒன்றின் வேலை ஒளியை விடுவது. மற்றொன்றின் வேலை அதே ஒளியைத் தடுப்பது. இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை.

அந்த மூடி ஏன் நிறமற்ற பாலிகார்பனேட்டாக இல்லை? பாலிகார்பனேட் புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று சற்று முன்பு சொன்னோம். உண்மைதான், ஆனால் அது தடுப்பது சுமார் 380 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான். 405 அதைத் தாண்டிய ஊதா ஒளி. நிறமற்ற பாலிகார்பனேட் அதை உள்ளே விட்டுவிடும். “யுவி தடுப்பு” என்ற இரண்டு சொற்களை நம்பி வாங்கினால் இங்கே ஏமாந்துவிடுவோம். “எந்த அலைநீளம் வரை?” என்பது சேர்ந்தால்தான் அந்தச் சொற்களுக்குப் பொருள் உண்டு.

நான்கு பொருள்களின் குணம்

மாணவர்களுக்கு எளிதில் கிடைக்கும் பொருள்களைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அக்ரிலிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 92 விழுக்காட்டை உள்ளே விடும். கீறல்களைப் பாலிகார்பனேட்டைவிட நன்றாகத் தாங்கும். பலமாக அடித்தால் விரிசல் விட்டு, பெரிய துண்டுகளாக உடையும். புறஊதாக் கதிர் விஷயத்தில் அது ஒரே பொருள் அன்று. புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கும் உண்டு, வேண்டுமென்றே அதை உள்ளே விடுமாறு தயாரிக்கப்படும் அக்ரிலிக்கும் உண்டு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியாது. எந்த வகை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பாலிகார்பனேட்டை 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனமும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் தனித்தனியே உருவாக்கின. மோதலைத் தாங்குவதில் இந்த நான்கில் இதுவே முதலிடம். ஆய்வுக்கூடப் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடிகளின் வில்லைகள் பெரும்பாலும் இதனால் ஆனவை. ஆனால் எளிதில் கீறல் விழும். மேற்பூச்சு இல்லாமல் வெயிலில் விட்டால் மஞ்சளாகி, வலுவிழக்கும்.

அடுக்குக் கண்ணாடி விரிசல் விடும், ஆனால் துண்டுகள் இடத்தைவிட்டு நகராது. புறஊதாக் கதிரையும் தடுக்கும். கீறல் விழுவது அரிது. எடைதான் அதன் குறை. 1 சதுர மீட்டர் பரப்பும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கண்ணாடியின் எடை சுமார் 15 கிலோ. அதே அளவு பாலிகார்பனேட் ஏறத்தாழ 7 கிலோதான். அடுக்கு மாடிகளில் வாழும் நமக்கு எடை சாதாரண விஷயம் அன்று. சன்னல்கள் கழன்று விழுந்த சம்பவங்களைத் தொடர்ந்து, பக்கவாட்டில் திறக்கும் சன்னல்களின் அலுமினியத் தறையாணிகளை அகற்றி எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்று சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் அதைப் பிடித்திருக்கும் ஆணி தாங்க வேண்டும்.

நான்காவது குவார்ட்ஸ் கண்ணாடி. யுவி-சி வரை எல்லாவற்றையும் உள்ளே விடும். கிருமி நீக்க விளக்குகள் பலவற்றின் குழாய் இதனால் ஆனதுதான். அந்த விளக்குகளின் 254 நானோமீட்டர் கதிர் சாதாரணச் சன்னல் கண்ணாடி வழியாக வெளியே வராது. குவார்ட்ஸ் விலை அதிகம். கண்ணாடிபோலவே உடையும். மாடியில் உள்ள நம் உணர்கருவிக்குச் சிறிய குவார்ட்ஸ் வில்லையோ மெல்லிய எஃப்இபி படலமோ பொருந்தும். பந்து படாமலிருக்க மேலே ஒரு கம்பி வலைக்கூண்டு வைக்கலாம். வலையின் நிழல் அளவீட்டை எவ்வளவு குறைக்கிறது என்பதைத் தனியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். உடையாமை, ஒளி ஊடுருவல் இரண்டையும் ஒரே தகட்டிடம் கேட்பதைவிட, வேலையை இரண்டாகப் பிரிப்பது பல நேரங்களில் நல்ல பொறியியல்.

பெரிய பொறியாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். 2010இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட கண்காணிப்பு மாடத்தில் 7 சன்னல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பல தகடுகள். உள்பக்கத் தகடு விண்வெளி வீரர்களின் கைபட்டு விழும் கீறல்களைத் தாங்கிக்கொள்கிறது. நடுவில் உள்ளவை காற்றழுத்தத்தைத் தாங்குகின்றன. வெளிப்பக்கத் தகடு விண்துகள்களின் மோதலை ஏற்கிறது. சன்னலைப் பயன்படுத்தாதபோது மூடிவைக்கக் கதவும் உண்டு. எல்லா வேலையையும் செய்யும் ஒரே பொருளை அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை.

நம் வெயிலும் நம் துடைப்பும்

பாடநூல்களில் வரும் பொருள்களின் பண்புகள் பெரும்பாலும் புதுப் பொருளின் பண்புகள். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் வெயில், மழை, ஈரம். இன்று தெளிவாக இருக்கும் தகடு ஐந்தாண்டுக்குப் பிறகும் அப்படி இருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஜோகூரிலோ சிலாங்கூரிலோ தரைவீட்டு வரிசைகளில் நடந்து பாருங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தின் மேலே பாலிகார்பனேட் கூரை போட்ட வீடுகள் ஏராளம். சில கூரைகள் பல ஆண்டுகள் தெளிவாக இருக்கின்றன. சில விரைவில் மஞ்சளாகிவிடுகின்றன. தரக்குறைவு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல தகடுகளில் புறஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதன்மேல் ஒட்டிய காகிதத்திலோ படலத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் உரித்தெறிந்துவிட்டு, தலைகீழாகப் பொருத்தினால் விலை உயர்ந்த தகடும் பயனற்றுப் போகும். சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தும் தவறு நேரும் இடம் இது.

வெப்பமும் ஒரு கணக்குப் போடுகிறது. பாலிகார்பனேட் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். இரவில் 25 பாகை, உச்சி வெயிலில் தகட்டின் மேற்பரப்பு 60 பாகை என்றால் 1 மீட்டர் தகடு ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி நீள்வதோ சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். பாலிகார்பனேட்டில் திருகின் அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் அது துளையிலிருந்து விரிசல் விடும். “உடையாத பொருள் எப்படி உடைந்தது?” என்று அப்போது வியக்க வேண்டியதில்லை. உயர்நிலை இரண்டில் படித்த வெப்ப விரிவுதான் காரணம்.

துடைக்கும் திரவமும் அப்படித்தான். கொவிட்-19 காலத்தில் கடை முகப்புகளிலும் உணவங்காடி மேசைகளிலும் அக்ரிலிக் தடுப்புகள் முளைத்தன. அக்ரிலிக்கை ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் தோன்றும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் இரண்டுக்கும் போதும்.

உடைவது மட்டுமா ஆபத்து?

பாதுகாப்பின் இரண்டு பக்கங்களையும் ஒருசேரக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் விமானி அறை மூடிகள் அக்ரிலிக்கால் ஆனவை. குண்டு பட்டு மூடி சிதறியபோது சில விமானிகளின் கண்களுக்குள் அக்ரிலிக் சில்லுகள் பாய்ந்தன. கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். அந்தச் சில்லுகள் கண்ணில் இருந்தும் பெரிய அழற்சி ஏற்படவில்லை. அந்தக் கவனிப்பின் வழியே 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண்புரை நோயாளி ஒருவருக்கு அக்ரிலிக்கால் ஆன செயற்கை வில்லையைப் பொருத்தினார். இன்று நம் தாத்தா, பாட்டிகளுக்குச் செய்யப்படும் கண்புரை சிகிச்சையின் தொடக்கம் அது.

கதை அங்கே முடியவில்லை. நம் கண்ணின் இயற்கை வில்லை யுவி-ஏ கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சி, விழித்திரையைக் காக்கிறது. தொடக்ககாலச் செயற்கை வில்லைகளில் அந்தத் தடுப்பு இல்லை. அவை தெளிவானவை, உடலோடு ஒத்துப்போனவை, ஆனால் புறஊதாக் கதிருக்குக் கதவைத் திறந்துவிட்டவை. கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் கலந்த வில்லைகள் 1980களில்தான் பரவலாயின. மிகச் சிறந்த மருத்துவர்களே ஒரு கேள்விக்கு விடை கண்டபின், அடுத்த கேள்விக்கு வர இவ்வளவு காலமானது. ஆகவே கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைப்பது சடங்கு அன்று.

மாணவர்களின் பட்டறையில் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. யுவி விளக்கு வைத்துக் கிருமிநீக்கப் பெட்டி செய்வது பலரும் விரும்பும் திட்டப்பணி. 254 நானோமீட்டர் கதிர் கண்ணின் கருவிழியையும் தோலையும் சில நிமிடங்களில் புண்ணாக்கக்கூடியது. பார்வைச் சன்னலுக்குப் பாலிகார்பனேட்டோ சாதாரணக் கண்ணாடியோ அந்தக் கதிரைத் தடுக்கும். மூடியின் இடுக்கு வழியே கசியும் கதிரைச் சன்னல் தடுக்காது. கதவைத் திறந்தவுடன் விளக்கை அணைக்கும் சுவிட்ச் இல்லாமல், ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் இத்தகைய பெட்டியை யாரும் செய்யக்கூடாது. காலப்போக்கில் அதே கதிர் பிளாஸ்டிக்கையும் வலுவிழக்கச் செய்யும் என்பதால் சன்னலை அவ்வப்போது பரிசோதித்து மாற்றவும் வேண்டும்.

நேரமில்லை என்ற பதில்

“இதையெல்லாம் பார்க்க எங்களுக்கு நேரம் ஏது? தேர்வு இருக்கிறது, இணைப்பாட நடவடிக்கை இருக்கிறது. கடையில் கிடைப்பதும் இரண்டு வகைதான்” என்று மாணவர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. பள்ளித் திட்டப்பணிக்கான பணமும் காலமும் குறைவு. கைக்குக் கிடைத்ததைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பொருளை முதலில் வாங்கிவிட்டு, அறிக்கை எழுதும் இரவில் “இலேசானது, உறுதியானது, மலிவானது” என்று காரணங்களைச் சேர்க்கிறோம். அந்த மூன்று சொற்களைப் பாலிகார்பனேட்டுக்கும் எழுதலாம், அக்ரிலிக்குக்கும் எழுதலாம், ஒட்டுப்பலகைக்கும் எழுதலாம். எதற்கும் பொருந்தும் காரணத்தை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கடைக்குப் போவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள். எந்த அலைநீளம் உள்ளே வர வேண்டும், எது வரக்கூடாது? எது வந்து மோதக்கூடும், உடைந்தால் துண்டுகள் எங்கே போகும்? வெயில், மழை, துடைக்கும் திரவம் ஆகியவற்றை எத்தனை ஆண்டுகள் தாங்க வேண்டும்? அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருப்பது யார் அல்லது எது? பத்து நிமிட வேலை இது. விடைகள் ஒன்றோடொன்று மோதினால் கவலை வேண்டாம். எங்கே மோதுகின்றனவோ அங்கேதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

அடுத்து, தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தகவல் தாளைத் தேடி எடுங்கள். அதில் ஒளி ஊடுருவல் வரைபடம் இருக்கும். கிடைமட்ட அச்சில் அலைநீளம், செங்குத்து அச்சில் விழுக்காடு. கோடு எந்த அலைநீளத்தில் செங்குத்தாகச் சரிகிறது என்று பாருங்கள். “யுவி தடுப்பு” என்ற விளம்பரச் சொல்லைவிட அந்த ஒரு கோடு அதிகம் சொல்லும். “கண்ணாடியைவிட 250 மடங்கு உறுதி” போன்ற வாசகத்தைப் பார்த்தால், எந்தத் தடிப்பில், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள்.

பிறகு ஒரு சோதனை. உணர்கருவியை மூடியில்லாமல் நண்பகல் வெயிலில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே தகட்டால் மூடி, மீண்டும் குறியுங்கள். மேகம் மறைக்காத நேரத்தில் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் உங்கள் தகட்டின் விடை கிடைத்துவிடும். யுவி கைவிளக்கையும் ஒளிரும் மையையும் வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மலிவான கைவிளக்குகள் பல 395 நானோமீட்டர் ஒளி தருபவை. அந்த ஒளி பாலிகார்பனேட் வழியே கணிசமாக வரும். அதைப் பார்த்து, “இந்தத் தகடு புறஊதாக் கதிரைத் தடுக்கவில்லை” என்று எழுதினால் அது தவறான முடிவு. சோதிக்கும் கருவிக்கும் ஓர் அலைநீளம் உண்டு. கைவிளக்கை எவர் கண்ணுக்கு நேராகவும் பிடிக்காதீர்கள். கண்ணாடியை உடைத்துப் பார்க்கும் சோதனையை வீட்டிலோ வகுப்பிலோ செய்ய வேண்டாம். அதற்குத் தகவல் தாளே போதும்.

ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழகாக முடிந்த பெட்டிக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, தேர்வு செய்யப்படாத பொருளைப் பற்றிய ஒரு பக்கத்துக்கும் கொடுங்கள். “இந்தத் தகட்டைச் சோதித்தோம், 4 விழுக்காடுதான் உள்ளே வந்தது, ஆகவே கைவிட்டோம்” என்று எழுதும் மாணவர், முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக அமைந்ததாக எழுதும் மாணவரைவிட அதிகம் கற்றிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு மதிப்பில்லை என்று தெரிந்தால் யாரும் அதை எழுத மாட்டார்கள். பிறகு யாரும் சோதிக்கவும் மாட்டார்கள்.

இன்று வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் சிறிய மூடியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், பத்தாண்டுக்குப் பிறகு பேருந்தின் சன்னலையோ, முதியோர் இல்லத்தின் கூரையையோ, அடுக்கு மாடியின் முகப்பையோ தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கலாம். அந்தப் பேருந்தை நாள் முழுவதும் ஓட்டுபவருக்குக் கண்ணாடித் தகட்டின் ஊடுருவல் வரைபடம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அவருக்காக அதைப் பார்த்து, சரியான கேள்வியைக் கேட்டு வைப்பது தேர்ந்தெடுப்பவரின் கடமை. அந்தப் பழக்கத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த திட்டப்பணிக்குக் கடைக்குப் புறப்படும் முன் அந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.